கருவின் வாயில் பலாச்சுளையா?

ஜொகூர் நதிக்கரையிலுள்ள கோத்தா திங்கியில், கம்போங் மாக்காம் என்னுமிடத்தில், சுல்தான் மஹ்மூட் ஷாவின் கல்லறை இருக்கின்றது. 1699-ஆம் ஆண்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோள்மீது தூக்கிச் செல்லப்பட்ட அவ்வரசனை அவனுடைய படைத்தலைவனே குத்திக் கொன்றான். கொலை சரித்திரம், அதற்கு ஊரார் சொல்லும் காரணம் கதை. படைத்தலைவன் கடல்மேல் சென்றிருந்த காலத்தில், நிறைசூலியான அவன் மனைவி மசக்கையால் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றாளாம். செய்தியறிந்து சினந்த அரசனிடம், ‘கேட்டது நானல்ல, வயிற்றிலுள்ள பிள்ளை’ என்று அவள் மன்றாடினாளாம். அப்படியானால் பார்த்துவிடுவோம் என்று அவள் வயிற்றைக் கிழிக்கச் செய்தானாம் அரசன். உள்ளே பிள்ளையின் வாயில் பலாச்சுளை இருந்ததாம்!

அரசனின் கொடுமையைக் கண்டிக்காதவர் இல்லை. ஆனால் அந்தப் பலாச்சுளை எப்படி அங்கே போயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்? தாய் தின்பது இரைப்பைக்குப் போகின்றது. பிள்ளை இருப்பதோ கருப்பையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியே கிடையாது. தாயின் உணவு செரித்து இரத்தத்திற் கலந்து, நஞ்சுக்கொடியின் மெல்லிய சுவரைக் கடந்து, தொப்புள்கொடி வழியாகவே பிள்ளையை அடைகின்றது. அங்கேயும் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரே கலப்பதில்லை. கரு தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை விழுங்குவதுண்டு, சுளையை விழுங்குவதில்லை. இந்த ஒரு பாடம் தெரிந்திருந்தால் கதையே பிறந்திராது.

மலாய்க்காரரின் கதையைப் பரிகசிப்பதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டுச் சரக்கு இதைவிட மட்டம். உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தால், ‘கிரகணத்தன்று வெளியே வந்தாயா?’ என்று பெற்றவளைக் குறுக்கு விசாரணை செய்கின்றோம். மேலுதடு கருவுற்ற ஏறத்தாழ ஏழு வாரத்துக்குள் கூடி முடிந்துவிடுகின்றது. ஆறாம் மாதத்துக் கிரகணம் அதைத் திரும்பவும் வந்து பிளக்குமா? மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தால் மருமகளின் வயிற்றைத் திட்டுகின்றோம். பெண்ணின் கருமுட்டை எப்போதும் ஒரே வகை நிறத்திரியையே கொண்டது. ஆணின் விந்தணுவே இரண்டு வகைப்பட்டது. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அதுவே. மாவுப்புழுவை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஆண்டு 1905. ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் நம் மாமியார்களின் சட்டப்புத்தகம் திருத்தப்படவில்லை. மாமனார்களும் கணவன்மார்களும் அதைத் திருத்தச் சொல்லவில்லை. திருத்தினால் குற்றவாளிக் கூண்டில் யார் ஏற வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும் போலும்.

அறிவில்லாத இடத்தில் கருவி மட்டும் நுழைந்தால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. வயிற்றுக்குள்ளே பார்க்கும் யந்திரம் வந்ததும் பெண் கருவைத் தேடிக் கண்டுபிடித்து அழிக்கப் புறப்பட்டார்கள். 1994-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கோத்தா திங்கி அரசன் பார்த்தது கத்தியால். இவர்கள் பார்த்தது ஒலியலையால்.

இது நிற்க. கருவியல் சாஸ்திரம் மேல்நாட்டாருக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. அவர்களும் நன்றாகத் தடுக்கி விழுந்தவர்களே. அரிஸ்டாட்டில் கோழிமுட்டைகளை நாளுக்கொன்றாய் உடைத்துப் பார்த்தார்; ஆனாலும் கருவுக்கு வடிவம் தருபவன் ஆண், பெண் வெறும் பொருள் தருபவள் என்று எழுதி வைத்தார். இங்கிலாந்தில் ஹார்வி என்னும் வைத்தியர், அரசன் சார்லசின் வேட்டைக் காட்டு மான்களை அறுத்து ஆராய்ந்து, 1651-இல் புத்தகம் வெளியிட்டார். 1677-இல் லேவன்ஹூக் விந்தணுவைக் கண்ணாடியிற் கண்டார். 1694-இல் ஹார்ட்சூக்கர் என்பவர் அந்த அணுவுக்குள்ளே ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் படம் போட்டார்! நமது பலாச்சுளைக்கு இது சளைத்ததன்று. ஆயினும் அவர்கள் அந்தப் படத்துக்குக் கற்பூரம் காட்டவில்லை. 1759-இல் வுல்ஃப் என்பவர், கோழிக்கருவின் உறுப்புகள் முன்னமே அமைந்திருப்பவையல்ல, படிப்படியாய் உருவாகின்றவை என்று காட்டினார். 1827-இல் பேயர் நாயின் கருமுட்டையைக் கண்டறிந்தார். 1876-இல் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் இரு அணுக்களின் கருக்களும் கூடுவதைக் கண்டு எழுதினார். ஒருவர் பிழையை மற்றொருவர் மறுத்ததே அங்கே சாஸ்திரமாயிற்று.

நாம் என்ன செய்கின்றோம்? திருமூலர் அன்றே சொல்லிவிட்டார் என்கின்றோம். சொன்னார், என்ன சொன்னார்? சேர்க்கையின்போது மூச்சு எந்த நாசியில் ஓடுகின்றதோ அதற்கேற்ப ஆணோ பெண்ணோ பிறக்கும் என்றார். பிள்ளையின் ஊனத்துக்குத் தாயின் வயிற்றுக் கோளாறே காரணம் என்றும் பாடினார். அவரிடம் பூதக்கண்ணாடி இல்லை. அவரை நாம் குறை கூறோம். கருவைப் பற்றி யோசிக்கத் துணிந்தாரே, அதற்காக வணங்குவோம். ஆனால் கண்ணாடியும் கல்லூரியும் வந்த பிறகு அப்பாட்டை மேடையேற்றி ‘இதுவே விஞ்ஞானம்’ என்று கைதட்டல் வாங்குகிறவர்களை எப்படிப் பொறுப்பது?

2019 சனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், கௌரவர் நூற்றுவரும் சோதனைக்குழாய்ப் பிள்ளைகளே என்று பேசினார். மெய்யாகவே அக்காரியத்தைச் செய்த இந்தியனை நாம் என்ன செய்தோம் தெரியுமா? கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1978 அக்டோபரில், இங்கிலாந்தின் முதற் பிள்ளை பிறந்து 70 நாளில், இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தார். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு அவரை நம்ப மறுத்து அவமதித்தது. 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். காந்தாரியின் குடத்துக்கு மாலை, முகர்ஜிக்குக் கயிறு!

தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்பார் சிலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து மருத்துவர்களை உண்டாக்கினார். ‘பிரசவ வைத்தியம்’ அவருடைய முயற்சியால் 1857-இல் வந்தது. ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வந்தது. ஓர் அந்நியருக்கு வந்த தமிழ் நமக்கு ஏன் வரவில்லை?

இந்நாட்டில் இடைநிலைப் பள்ளி முதலாம் படிவ விஞ்ஞானத்தில் இனப்பெருக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் தமிழ்ப்பள்ளியை விட்டுச் சென்ற நம் பிள்ளைக்கு அது மலாய் மொழியில் வந்து சேர்கின்றது. தொப்புள்கொடியைத் ‘தாலி பூசாட்’ என்று படிக்கின்றாள். மலாயில் தாலி என்றால் கயிறு. பரீட்சையில் சரியாக எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றாள். வீட்டுக்கு வந்தால் பாட்டி தமிழில் கிரகணம் சொல்கின்றாள். மறுத்துப் பேச அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. மெய் ஒரு மொழியிலும் மூடத்தனம் ஒரு மொழியிலும் குடியிருந்தால், தோட்டத்து வீட்டில் எது வெல்லும்?

ஏழாம் மாதத்தில் கைநிறைய வளையல் அடுக்கி, பலவகைச் சோறு ஆக்கிப் போடுகின்றோம், தவறென்று சொல்லோம். ஆனால் கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழல் நான்கு வாரத்தில் மூடிக்கொள்கின்றது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாது. அக்குழல் சரியாக மூடுவதற்குத் துணைசெய்யும் ஃபோலிக் அமிலத்தை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், கருவுறுவதற்கு முன்பிருந்தே உட்கொள்ள வேண்டும் என்கின்றனர் மருத்துவர். எட்டு வாரத்துக்குள் முக்கிய உறுப்புகள் அனைத்துக்கும் அடித்தளம் போட்டாகிவிடுகின்றது. வளைகாப்பன்று நாம் வந்து நிற்பது சுவரெழுப்பிக் கூரையும் போட்ட வீட்டுக்கு வாஸ்து பார்ப்பது போலத்தான்.

ஆகையால் இப்பாடம் மணமேடைக்கு முன்பே, ஆணுக்கும் பெண்ணுக்கும், தமிழில் சொல்லப்படவேண்டும். கோத்தா திங்கி வட்டாரத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். தாய்சேய் நிலையத்துத் தமிழ்த் தாதி ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லட்டும். பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் அச்சிட்டு இலவசமாய்க் கொடுக்கட்டும். பருவப் பிள்ளைகளிடம் இதைப் பேசலாமா என்று முகம் சுளிப்போருக்கு ஒரு கேள்வி. சூலியின் வயிற்றைக் கிழித்த கதையை அதே பிள்ளைகளுக்கு நாம் கூசாமல் சொல்லி வருகின்றோமே, அந்த வயிற்றுக்குள் மெய்யாக என்ன இருந்தது என்பதைச் சொல்வதற்கு மட்டும் ஏன் நா கூசுகின்றது?