வீரனைத் தேடுவோர் யார்?

“ஒரு வீரன் வாரானோ, நாட்டைக் காவானோ!” என்று ஏங்குவோர் எந்நாட்டிலும் உளர். வீரனைப் பற்றி விரிவுரைகள் உண்டு, விழாக்கள் உண்டு. ஏங்குபவன் எத்தகையவன் என்று கேட்பார்தான் இல்லை. நாம் கேட்கிறோம்.

1840-ல் இலண்டனில் தாமஸ் கார்லைல் வீரர் வணக்கம் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். மாமனிதர் செய்ததே உலக வரலாறு. மற்றவர் அவரைப் போற்றிப் பின்செல்ல வேண்டும் என்பது அவர் வாதம். கேட்கத் தேனாக இருந்தது. தேள் கொட்டியதோ இருபத்தைந்து ஆண்டு கழித்து!

1865 அக்டோபர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஜமைக்காவில், மோரன்ட் பே நீதிமன்றத்தின் முன் வறுமையில் வாடிய கறுப்பின மக்கள் திரண்டனர். காவற்படை சுட்டது, கலகம் மூண்டது, அதிகாரிகளும் மாண்டனர். ஆளுநர் எட்வர்ட் அயர் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கொல்லப்பட்டோர் 439 பேர். சவுக்கடி பட்டோர் 600 பேருக்குக் குறையார். தீக்கிரையான வீடுகள் 1,000. சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டன் கலகம் நடந்த ஊரில் இல்லை. அவர் இருந்த கிங்ஸ்டனில் இராணுவச் சட்டமும் இல்லை. அங்கிருந்து அவரைக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டனர்!

அயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முனைந்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். டார்வின் அவர் பக்கம், ஹக்ஸ்லி அவர் பக்கம். அயரைக் காக்கவும் ஒரு குழு எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் யார்? கார்லைல்! உடன் நின்றோர் டிக்கன்சும் டென்னிசனும். ஏழையின் கண்ணீரை எழுதிய டிக்கன்சுமா என்று கேட்கிறீர்களா? ஆம், அவரேதான்.

ஏன் இந்த மயக்கம்? ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எரிக் ஃபிராம் 1941-ல் வெளியிட்ட நூலில் விடை தந்தார். தனித்து நின்று முடிவெடுக்க அஞ்சுபவன் வலியவனிடம் தன்னை ஒப்படைக்கிறான். அவனே எளியவனைக் கண்டால் ஏறி மிதிக்கிறான். மேலே கும்பிடு, கீழே உதை. இரண்டும் ஒரே மனத்தின் வேலை. அலுவலகத்தில் அதிகாரி முன் கூனிக் குறுகி, வீடு திரும்பி மனைவியை அடிப்பவனை நாம் அறியோமா? அவனுக்கு வீரன் தேவை. தன் உதைக்கு ஓர் உரிமைச் சீட்டாகத் தேவை!

“அப்படியானால் வீரமே வேண்டாமா?” என்பர். கலகத்துக்கு இரு மாதம் முன்பு, பால் போகிள் என்ற கறுப்பினப் போதகர், தம் மக்களின் குறைகளைச் சொல்ல ஆளுநர் இருந்த ஊருக்குச் சுமார் 45 மைல் நடந்தார். அவரைச் சந்திக்கவும் மறுத்தார் அயர். அந்த நடையில் இல்லாத எந்த வீரத்தைக் கார்லைல் அயரிடம் கண்டார்?

போகிளையும் தூக்கிலிட்டனர். அயருக்கு 1874-ல் ஓய்வூதியம் வழங்கினர்.