ரவரின் அடியும் நுனியும்: முள்ளியவளைக் காணியும் வெளிநாட்டுப் பங்கும்

முள்ளியவளையில் எனது ஒன்றுவிட்ட அக்காவின் காணியில், பின்வேலி ஓரமாக ஒரு தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது ‘ரவர்’ தான். கணவரை இறுதிப் போரில் இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மீள்குடியேறிய அக்காவுக்கு மாதம் தவறாமல் வரும் ஒரே காசு அந்த ரவரின் வாடகை. சென்ற மாதம் குத்தகை ஒப்பந்தத்தைக் கொண்டு வந்து என்னிடம் தந்தார். “தம்பி, புதுப்பிக்கப் போகினமாம். இங்கிலீசில கிடக்கு. ஒருக்கா பாத்துச் சொல்லு.”

அதே கிழமை ரொறன்ரோவிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். “அண்ணை, ரவர் வைச்சிருக்கிற கொம்பனியளின்ர பங்கு வாங்கலாமோ? வாற காசை அக்காவுக்கு அனுப்பலாம் எண்டு பாக்கிறன்.”

இருவரும் கேட்டது ஒரே தொழிலின் இரு முனைகளைப் பற்றி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் கேள்வி. அமெரிக்காவில் ஆதன முதலீட்டு நம்பிக்கை நிறுவனம், சுருக்கமாக ‘ரீற்’, என்றொரு அமைப்பு 1960 முதல் சட்டத்தில் உண்டு. கட்டடம், காணி போன்றவற்றை வைத்து வாடகை எடுக்கும் நிறுவனம், வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 வீதத்தைப் பங்குதாரருக்குப் பகிர வேண்டும். பகிர்ந்த தொகைக்கு நிறுவன வரி இல்லை. அமெரிக்கன் ரவர் 2012 இலும் கிறவுண் காஸில் 2014 இலும் இந்த வடிவத்துக்கு மாறின.

இவற்றின் இலாபக் கணக்கு எளிது. கோபுரத்தை நிறுத்தும் செலவு ஒருமுறைதான். ஒரு தொலைபேசி நிறுவனம் அதில் அன்ரெனா பூட்டினால் செலவு மீளும். இரண்டாவது, மூன்றாவது நிறுவனம் வந்தால் அந்த வாடகையில் பெரும்பகுதி இலாபம். அமெரிக்காவில் இந்த ஒப்பந்தங்கள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளுக்கு இடையில் முறிக்க முடியாதவை. வாடகையும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 வீதம் கூடும். முதலீட்டாளர்கள் விரும்பி வாங்கியது இரும்பையல்ல, இந்த உறுதியைத்தான்.

அந்த உறுதியும் முழுமையானதல்ல. 2020 ஏப்ரலில் ரி-மொபைலும் ஸ்பிரின்ரும் ஒன்றாகின. இரண்டு வாடகைக்காரர் ஒருவரானதால் பல கோபுரங்களில் ஒரு வாடகை போயிற்று. 2022 இல் வட்டி வீதம் ஏற, கடனில் வளர்ந்த இந்த நிறுவனங்கள் அடிவாங்கின. 2021 முடிவில் 200 டொலரைத் தாண்டியிருந்த கிறவுண் காஸில் பங்கு, 2023 இல் 100 டொலருக்குக் கீழே வந்தது. 2025 இல் அதன் காலாண்டுப் பங்கிலாபம் 1.565 டொலரிலிருந்து 1.0625 டொலராக வெட்டப்பட்டது. இந்தியாவில் வோடபோன் ஐடியா வாடகையை முழுமையாகக் கட்டத் திணறியது. அமெரிக்கன் ரவர் 2024 செப்டெம்பரில் அங்கிருந்த தன் தொழிலை புறூக்ஃபீல்ட் சார்ந்த நம்பிக்கை நிறுவனம் ஒன்றுக்கு விற்று வெளியேறியது.

ஆகவே தம்பிக்குச் சொன்னேன்: வாங்கலாம், ஆனால் பங்கிலாபம் நிலையான வைப்பின் வட்டி அல்ல. அக்காவின் அரிசிக் காசை அதில் தொங்க விடாதே. கடன்பட்டு வாங்காதே. அங்கீகரிக்கப்பட்ட தரகர் மூலம் மட்டும் வாங்கு. ‘ரவர் முதலீடு, மாதம் இத்தனை வீதம்’ என்று வட்சப்பில் வருபவர்களை நம்பாதே. பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. ரவர் போடுகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஏமாற்றுவோர் பற்றி இந்திய அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

இனி அக்காவின் ஒப்பந்தம். வாசித்தபோதுதான் உறைத்தது. முதலீட்டாளருக்கு இருக்கும் உறுதிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. நிறுவனம் சில மாத அறிவித்தலோடு விலகலாம், அக்கா விலக முடியாது. இரண்டாவது நிறுவனம் அன்ரெனா பூட்டினாலும் அவருக்கு ஒரு சதமும் கூடாது. வாடகை ஒரே தொகை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டில் மாறாத வாடகை என்பது, கண்முன்னே கரைந்த வாடகை.

வாடகைக்காரர் குறையும் ஆபத்து இங்கும் உண்டு. 2018 வரை இலங்கையில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள். அந்த ஆண்டு எரிசலாற்றும் ஹச்சும் இணைந்தன. 2024 ஜூனில் டயலொக் எயார்டெல்லை எடுத்தது. இப்போது மூன்று. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ரவர்களில் ஒன்று மேலதிகமாகலாம். கொழும்பில் எடுக்கும் அந்த முடிவு முள்ளியவளையில் ஒரு குடும்பத்தின் உலையைத் தொடும்.

இன்னொரு சிக்கல் எங்களுக்கே உரியது. வன்னியில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. முள்ளிவாய்க்கால் வரை ஓடியதில் பலருடைய பத்திரங்கள் தொலைந்தும் போயின. பத்திரம் இல்லாதவர் பேரம் பேசத் தயங்குவார், கொடுத்ததை வாங்குவார். கணவரின் பெயரில் இருந்த காணியை இன்னும் மாற்றாத பெண்களின் நிலை அதிலும் மோசம்.

புதுப்பிக்கும் நேரம் ஒன்றுதான் காணிக்காரரின் கை ஓங்கும் நேரம். நட்ட ரவரைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது நிறுவனத்துக்கும் செலவு. அதனால் அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை: ஒப்பந்தத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆண்டுதோறும் வாடகை உயர வேண்டும். புதிய நிறுவனம் பூட்டினால் அதிலும் பங்கு வேண்டும். இடையில் விலகினால் நட்டஈடு தந்து, அத்திவாரத்தையும் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய்க் காணிப் பத்திரத்தைச் சரிசெய்து, பிறகு ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, அதன் பின்னரே கையொப்பம்.

ரொறன்ரோத் தம்பி இப்போதைக்குப் பங்கு வாங்கவில்லை. சட்டத்தரணியின் செலவுக்குக் காசு அனுப்பியிருக்கிறார். அந்த ரவரில் அவர் செய்யக்கூடிய முதல் முதலீடு அதுதான் என்று நினைக்கிறேன்.