ஓடுபாதைக்கு எத்தனை ஏக்கர்?

பலாலியிலிருந்து விமானம் பறப்பதை நாம் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் வலிகாமம் வடக்கு மக்கள் தமது காணியைக் கேட்கும் போதெல்லாம், "அப்படியானால் உங்களுக்கு விமான நிலையம் வேண்டாமா?" என்ற கேள்வி திருப்பிக் கேட்கப்படுகிறது. வேண்டும். நோயாளிக்கும் வேண்டும், படிக்கப் போகும் பிள்ளைக்கும் வேண்டும், தமிழ்நாட்டில் இருக்கும் உறவுகளைப் பார்க்கப் போகும் தாய்க்கும் வேண்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. அந்த விமான நிலையத்துக்கு உண்மையில் எத்தனை ஏக்கர் காணி தேவை?

பலாலி விமானத்தளம் நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின் போது பிரித்தானிய வான்படையினர் அதை அமைத்தார்கள். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கு இறங்கியே சென்னைக்குச் சென்றது. அதன் பின் நாற்பது ஆண்டுகள் மேலே விமானம் பறந்தது, கீழே செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. தோட்டமும் விமானமும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை. பகை வந்தது யுத்தத்தோடு. 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, தையிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். கோணாப்புலத்திலும் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து விட்டது.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதில் சொல்லப்பட்ட நோக்கம் விமான நிலையம் அல்ல, படைத் தலைமையகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் சென்றார்கள். 2015இன் பின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. 2018 ஏப்ரலில் மட்டும் 683 ஏக்கர் விடப்பட்டது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இப்பொழுது சென்னையோடு திருச்சிக்கும் பாதை திறந்திருக்கிறது. வேலிக்குள்ளே உள்ள தோட்டங்களுக்குத்தான் பாதை திறக்கவில்லை. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 35 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோது, வாகனத்தில் போகலாம், நடந்து போகக் கூடாது, இடையில் நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன. நின்று பார்க்க முடியாத காணிக்குச் சொந்தக்காரர் என்பதில் என்ன பயன்?

ஒரு கணக்கு

விவசாயிக்குப் பரப்புக் கணக்குத் தெரியும். 2,300 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் கொண்ட ஓர் ஓடுபாதையை எடுத்துக் கொள்வோம். நடுத்தர விமானங்கள் வந்து இறங்க அது போதும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 26 ஏக்கர். ஓடுபாதையின் இரு பக்கமும் வெறுமையாக விடப்பட வேண்டிய நிலத்தையும் சேர்த்து, 2,500 மீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம் என்று தாராளமாகவே அளந்தாலும் சுமார் 185 ஏக்கர்தான் வரும். பயணிகள் கட்டடம், விமானத் தரிப்பிடம், எரிபொருள் களஞ்சியம், வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றுக்கு மேலும் நிலம் வேண்டும் என்பதை நாம் அறிவோம். எதிர்கால விரிவாக்கத்துக்கும் ஒதுக்கட்டும். அப்படிக் கூட்டினாலும் அது சில நூறு ஏக்கர்க் கணக்கே ஒழிய, ஆயிரக்கணக்கில் போகும் கணக்கல்ல.

பாதுகாப்புக்காகச் சுற்றுப்புறமும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பார்கள். இதிலும் பாதி உண்மைதான் உண்டு. விமானம் தாழ்ந்து வரும் வழியில் உயரமான பொருள் இருக்கக் கூடாது. நவீன கருவிகளின் துணையோடு விமானம் இறங்கும் பெரிய ஓடுபாதை ஒன்றுக்கு, தடை தொடங்கும் இடத்திலிருந்து 50 மீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் உயரம் கூடலாம் என்பது சர்வதேச விதி. அதாவது ஒரு கிலோமீற்றர் தூரத்தில் 20 மீற்றர் உயரம் வரை தடையில்லை. வளர்ந்த பனையையும் தென்னையையும் அங்கே வைக்க முடியாமற் போகலாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் எந்த விமானத்தை மறிக்கும்? பறவைகளைக் கூட்டும் குப்பை மேடுகள் அருகில் இருக்கக் கூடாது என்பதும் சரிதான். அது தோட்டத்துக்கான தடையல்ல. விதி உயரத்தைத்தான் தடுக்கிறது, உழவைத் தடுக்கவில்லை.

ஆகவே விமான நிலையத்தின் தேவை வேறு, முகாமின் தேவை வேறு. இரண்டும் ஒரே வேலிக்குள் இருப்பதால் ஒன்றின் பெயரால் மற்றையது மறைகிறது. இரண்டையும் தனித்தனியே அளந்து, வரைபடத்தில் குறித்து, பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதுவே எமது முதற் கோரிக்கை.

பிற நாட்டார் கண்ட வழி

விமான நிலையத்துக்கும் அயலவருக்கும் இடையே பிணக்கு வருவது எமது நாட்டில் மட்டுமல்ல. ஜப்பானில் நரிட்டா விமான நிலையத்தை அமைப்பதென 1966இல் அரசு தீர்மானித்தபோது, அவ்விடத்து விவசாயிகளைக் கேட்கவில்லை. கட்டாயமாக நிலம் பறிக்கப்பட்டது, மோதல் மூண்டது, உயிர்கள் போயின. 1978இல் ஒரே ஓடுபாதையுடன்தான் அதைத் திறக்க முடிந்தது. கடைசியில் 1990களில் அரசு விவசாயிகளோடு ஒரே மேசையில் அமர்ந்தது, கட்டாய சுவீகரிப்பைக் கைவிட்டது, 1995இல் பிரதமரே மன்னிப்புக் கேட்டார். தொடக்கத்திலேயே பேசியிருந்தால் அத்தனை இழப்பும் வந்திராது. லண்டன் நகரின் நடுவே உள்ள சிறிய விமான நிலையத்தில் சனி மதியம் தொடக்கம் ஞாயிறு மதியம் வரை விமானம் பறப்பதில்லை. 2024இல் நிறுவனம் சனிக்கிழமை நேரத்தை நீட்டிக்கக் கேட்டபோதும் அரசு அதற்கு இணங்கவில்லை. அயலவரின் ஓய்வும் ஓர் உரிமை என்று அங்கு ஏற்கப்பட்டுள்ளது.

இங்கும் விமானங்கள் பெருகும் முன்பே இரவு நேர ஒழுங்கு பேசி முடிக்கப்பட வேண்டும். அதைவிட முக்கியமானது தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரே எமது கிணறு. சீமெந்தும் தாரும் மூடிய நிலத்தில் விழும் மழை எங்கே போகிறது, எரிபொருள் கசிந்தால் எந்தக் கிணற்றைச் சேரும் என்பவற்றை ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

கேட்பதோடு எமது கடமை முடிவதில்லை. சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டதும் காணி போய்விட்டது என்று பலர் மனம் உடைகிறார்கள். அப்படியல்ல. அது காணியைப் பார்வையிட்டு அளப்பதற்கான தொடக்கம் மாத்திரமே. 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் தெரிவிக்க இடமுண்டு. 7ஆம் பிரிவின் கீழ் நட்ட ஈடு கோர இடமுண்டு. எடுத்த காணி பொதுத் தேவைக்குப் பயன்படாமலும், அபிவிருத்தி செய்யப்படாமலும், நட்ட ஈடு கொடுக்கப்படாமலும் கிடந்தால், சொந்தக்காரர் எழுத்தில் சம்மதித்தால், 39அ பிரிவின் கீழ் அதைத் திருப்பிக் கொடுக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. அபிவிருத்தித் திட்டத்துக்காகக் காணி இழப்போருக்கு மாற்றுக் காணியும் ஒரு தெரிவாக இருக்க வேண்டும், உறுதி இல்லாதவரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று 2001இல் அமைச்சரவை ஏற்ற தேசிய கொள்கை கூறுகிறது. ஓடுபாதைக்கு மெய்யாகவே தேவைப்படும் காணியின் சொந்தக்காரர் இதைக் கேட்கலாம். பிச்சை கேட்பதாக எவரும் கூச வேண்டியதில்லை.

உறுதி, பழைய நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, கிராம அலுவலரின் கடிதம் எதுவானாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். எங்கள் காணி எந்த வரைபடத்தில் எந்தத் துண்டு, எந்த நோக்கத்துக்கு என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தனித்தனியே போகாமல் ஊர் ஊராகச் சேர்ந்து போங்கள். எல்லை தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். மேற்கு எல்லையில் யாருடைய காணி, கிணற்றில் யாருக்குப் பங்கு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் வாயால் கேட்டு, பிள்ளைகள் இந்த ஆண்டே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். காணி விடப்படும் நாளில் எல்லைக் கல் இருக்காது. அந்தக் கொப்பி இருக்க வேண்டும்.