வீட்டிற் சுட்ட பை

தமிழிற் 'பை' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. பாம்பின் படமும் பை; பசுமையும் பை; காசு இட்டு வைக்குந் துணியுறையும் பை. ஓரணாவைப் பன்னிரண்டாகப் பகுத்த சிறு காசுக்கும் அப்பெயர் வழங்கிற்று. அக்காசும் அதன் அணாவும் இன்று செல்லாக் காசுகள். இந்நான்கும் அல்லாமல் ஆங்கிலரிடமிருந்து வந்து நம் நாவில் ஏறிய ஐந்தாவது பை ஒன்றுண்டு. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது அதனையே. பொருளால் அயலாயினும் ஒலியால் இது நமக்கு அத்துணை அயலன்று. மாவினாலே ஓர் உறை செய்து, அதனுட் பழத்தையோ இறைச்சியையோ பெய்து, வாயை மூடிச் சுடுவதாகலின், தமிழ்ச் சொல்லே இதற்குக் காரணப்பெயராய்ப் பொருந்திவிடுகின்றது. உள்ளீட்டுக்கும் புதுச்சொல் தேட வேண்டுவதில்லை. கொழுக்கட்டைக்கும் சோமாசிக்கும் உரிய 'பூரணம்' இதற்கும் போதும்.

இதனை வீட்டிற் செய்தல் வேண்டுமோ என்னும் வினாவில் இருவகையார் நம்மோடு மாறுபடுகின்றனர். அயல்நாட்டார் உணவு நமக்கு எற்றுக்கு என்பர் ஒருவகையார். கடையிற் பணங்கொடுத்தால் உடனே கிடைப்பதற்கு ஒரு நாட்பொழுதை அடுப்படியிற் போக்குவானேன் என்பர் மற்றொரு வகையார். முன்னவர்க்கு விடை கூறல் எளிது; பின்னவர்க்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று.

இங்கிலாந்திற் கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டிச் செய்யப்படும் 'மின்ஸ் பை' என்பதனைப் பிரித்துப் பார்ப்போம். உலர்ந்த திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், சர்க்கரை ஆகிய இவற்றோடு இலவங்கப்பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் அதனுட் கிடக்கின்றன. பட்டை இலங்கையினின்று சென்றது. கிராம்பும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளினின்று சென்றன. யவனர் கலங்கள் முசிறித் துறையில் மிளகு ஏற்றிச் சென்றமையை அகநானூறு பயின்றார் அறிவர். கீழ்த்திசைச் சரக்கு மேல்திசை சென்று, மாவுறை போர்த்துத் திரும்பி வந்திருக்கின்றது. திரும்பி வந்தவனை அயலான் என்று வாயிலில் நிறுத்துதல் முறையாகுமோ?

இனி, நம்முடையதென்றே நாம் கருதும் பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. தான் அயலாரோடு வந்த செய்தியைத் தன் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு நம் பொங்கற் குழம்பில் அது கிடக்கின்றது. அமெரிக்கர் தம் நன்றியறிதல் திருநாளிற் செய்யும் பைக்கும் அதுவே பூரணம். தூத்துக்குடி மக்ரூனை நோக்குவோம். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பினால் ஆகும் அப்பணியாரம், அவ்வூர்க்கு வந்து முந்திரிப் பருப்பினால் ஆயிற்று. அம்முந்திரியும் பிரேசில் நாட்டினின்று வந்ததே. இன்று மக்ரூனை அயலூர்ப் பண்டம் என்பார் யார்? உடன்குடிக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பறங்கிக்காய்ப் பூரணம் சமைப்பாரை நாம் தடுக்கப் போவதில்லை. புளிப்பு ஆப்பிளுக்கு ஈடாக மாங்காயை இடுவாரையும் தடுக்கப் போவதில்லை. ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வாழ்த்துவோம்.

ஈண்டு இலக்கண மாணாக்கர்க்கு ஒரு வேடிக்கை கூறுதும். மேற்சொன்ன மின்ஸ் பையின் பூரணத்துக்கு ஆங்கிலர் இட்ட பெயர் கொத்திறைச்சி என்று பொருள்படும். முற்காலத்தில் அதன்கண் மெய்யாகவே ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டளவில் இறைச்சி பெரும்பாலும் நீங்கிற்று; கொழுப்பு மட்டும் எஞ்சிற்று; பெயரோ அசையாது நின்றுவிட்டது. நம் பொருளிலக்கணத்தில் இறைச்சி என்பது வெளிப்பட நில்லாது மறைந்து நிற்கும் பொருளன்றோ? அவ்வகையில் இறைச்சியில்லாத இவ்விறைச்சிப் பணியாரம் தொல்காப்பியர்க்கு உடன்பாடாகவே இருக்கும்! இதுபோலவே இடைக்கால ஆங்கிலர் மாவுறையைக் 'காஃபின்' என்று வழங்கினர். அன்று அச்சொல்லுக்குப் பெட்டி என்பதே பொருள். பின்னர் அது சவப்பெட்டிக்கே உரிமையாய்விட்டமையின், அதனை உணவு மேசைக்கு அழைப்பாரில்லை.

இப்பணியாரம் செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்று எண்ணுதலும் தவறு. கார்ன்வால் நாட்டுச் சுரங்கங்களில் ஈயமும் செம்பும் தோண்டிய தொழிலாளர், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடக்கி மடித்துச் சுட்ட 'பேஸ்டி' என்னும் பையையே கட்டுச்சோறாகக் கொண்டு சென்றனர். 2011ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குப் புவிசார் காப்பளித்தது. வீட்டடுப்பிற் பிறந்த பண்டத்துக்கு ஒரு நிலைபேறு உண்டு. 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்து பிறப்புத் திருநாளையே விலக்கிச் சட்டஞ் செய்தது. 1660ஆம் ஆண்டில் முடியாட்சி மீண்டபோது திருநாளும் மீண்டது. பணியாரமும் உடன் இருந்தது. சட்டம் ஆலயக் கதவை அடைக்கலாம். ஒவ்வோர் அடுப்பையும் எட்டிப் பார்த்தல் அதற்கு இயலாது என்பதே நம் துணிபு.

இனி அருமைப்பாட்டைக் கூறுவோம். பையின் அருமை முழுவதும் பூரணத்தில் அன்று, மாவுறையிலேயே இருக்கின்றது. மைதா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை, நிறையால் இவ்வளவே. நான்கே பொருளுடைய இது, பல சரக்குகள் கூடிய குழம்பினும் கடினமாதற்குக் காரணம் யாது? மைதாவில் நீர் பட்டவுடன் அதிலுள்ள புரதம் குளூட்டன் என்னும் பசையாய் இழையோடத் தொடங்குகின்றது. பிசையப் பிசைய அவ்விழை வலுக்கின்றது. பரோட்டாவுக்கு மாவடிப்பவர் விரும்புவது அவ்வலிமையையே. பைக்கோ அது பகை. ஆகவே பிசையாதே என்பது முதல் விதி. நம் இல்லங்களில் மாவைக் கண்ட கை பிசையாமல் நிற்பதரிது! பூரிக்கும் சப்பாத்திக்கும் பழகிய கை இங்கே தன் திறமையாலேயே தோல்வியுறுகின்றது. விரல்நுனியால் வெண்ணெயை மாவிலே உதிர்த்து, நீரைத் தெளித்து, 'ஒன்றுசேர்ந்தது' என்ற அளவிற் கையை எடுத்துவிடுதல் வேண்டும்.

வெண்ணெய் இங்கே இரண்டு தொழில் செய்கின்றது. ஒரு பகுதி மாவின் துகள்களைப் போர்த்து, நீர் மிகுதியாய்ப் படாமற் காக்கின்றது. மற்றொரு பகுதி சிறுசிறு தகடுகளாய் மாவினிடையே கிடத்தல் வேண்டும். சூடு ஏறியவுடன் அத்தகடுகள் உருகி, அவை கிடந்த இடம் வெளியாகும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு நீர் உண்டு. அதுவும் மாவிலுள்ள நீரும் ஆவியாய் எழுந்து அவ்வெளியைத் தூக்கி நிறுத்தும். பழைய சுவடியைப் போல ஏடு ஏடாகப் பிரியும் உறையின் மறைபொருள் இதுவே.

நம் நாட்டுத் தட்பவெப்பம் குறுக்கிடும் இடமும் இதுவே. 32 முதல் 35 பாகைச் செல்சியசு அளவில் வெண்ணெய் உருகிவிடும். கோடை நண்பகலிற் 38 பாகையைத் தாண்டும் ஊர்களில், வெண்ணெய் அடுப்பை அடையுமுன்னரே பலகைமேல் உருகி மாவோடு மாவாய்க் கலந்துவிடுகின்றது. பின்பு ஏடும் இல்லை, வெளியும் இல்லை. பை செய்வார்க்குக் குளிர்ந்த கை வேண்டுமென்பர் ஆங்கிலர். நம்மவர்க்குக் குளிர்ந்த கை மட்டும் போதாது. குளிர்ந்த மாவு, குளிர்ந்த பலகை, குளிர்ந்த பொழுது ஆகிய யாவும் வேண்டும். மார்கழி வைகறையே இதற்கு உரிய காலம். மாவையும் ஏனத்தையும் முதல்நாளிரவே குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, கோழி கூவும் பொழுதிற் பணி தொடங்குவார் வெற்றியடைவர். ஆலய மணிக்குமுன் உறை விரிந்து தட்டில் ஏறிவிடும். சித்திரையிற் செய்ய முனைவார்க்கு நாம் கூறும் அறிவுரை, அவியல் செய்க என்பதே. வெண்ணெய்க்கு மாறாக நெய்யை வார்த்தாலென்ன எனின், நெய்யில் நீரில்லை. ஆதலின் ஏடு எழாது. நெய் பிஸ்கோத்துப் போல உதிரும் உறை கிடைக்கும். அதுவும் சுவையே, ஆயினும் அது வேறு சுவை.

அடுத்த இடர் அடியுறை நனைதல். பழச்சாறு இறங்கி அடிமாவைக் கூழாக்கிவிடும். இதற்கு மாற்று, தட்டில் விரித்த வெற்றுறைமேல் தாளையிட்டு, அதன்மேற் காய்ந்த மொச்சையைப் பரப்பி, முதலிற் சிறிது சுட்டுக்கொள்ளுதல். அம்மொச்சை பின்னர்க் குழம்புக்கு உதவாது. அடுத்த பைக்கு உதவும். மேலுறையிற் சில கீறல்கள் இடுதலும் வேண்டும்; இன்றேல் உள்ளே அடைபட்ட ஆவி தானே வழி செய்துகொள்ளும்.

நெருப்பைக் குறித்துச் சுருக்கமாகவே சொல்வோம். 200 பாகையளவு சூடு வேண்டும். மின்னடுப்பு உள்ள வீட்டில் திருகினால் முடிந்தது. அஃதில்லாதார் இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பிக் காய்ச்சி, தட்டை அதன்மேல் வைத்து, மூடியின்மேலும் தணலையிட்டுச் சுடலாம். சிட்டிகை மைதாவை உள்ளே தூவி அது சிவக்கும் விரைவைக்கொண்டு சூட்டை மதிப்பிடலாம். யாழ்ப்பாணத்தார் ரொட்டி சுடும் அடுப்பைப் போறணை என்பர். போர்த்துக்கீசச் சொல்லினின்று பிறந்ததாயினும் கேட்க இனிய சொல். நம் பக்கத்திலும் அதனை எடுத்தாளலாம்.

இவ்வளவு இடுக்கணுக்கும் ஈடாவது என்ன? மாவுறையின் ஓரத்தை மடித்துக் கிள்ளும் வேலையை எடுத்துக்கொள்வோம். முள்கரண்டியால் அழுத்துக என்று சமையல் நூல்கள் கூறும். சோமாசியின் ஓரத்தைக் கயிறு திரித்தாற்போல் மடித்துப் பழகிய நம் பெண்டிர் கைக்கு அந்நூற்படங்கள் நாணி ஒதுங்கும். ஓரம் வெட்டி எஞ்சிய மாத்துண்டுகளைச் சர்க்கரை தூவிச் சுட்டுத் தின்பது சிறுவர்க்குரிய பங்கு. பையினும் அதுவே சுவை மிக்கதென்று வாதிப்பாரும் உளர். பட்டையும் வெண்ணெயும் கலந்த மணம் தெருவுக்குப் போய்ச் செய்தி சொல்லிவிடுதலின், மறைத்து உண்ணவும் இயலாது. இஃது ஒரு நன்மையே. பலகாரத் தட்டு பக்கத்து வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் ரமலானுக்குக் கஞ்சியும் நமக்கு வந்த வீடுகளுக்குக் கடை அட்டைப்பெட்டியைக் கயிறு அவிழாமல் அனுப்புதல் விலை கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது போன்றது. ஓரம் கருகிய பையாயினும் வீட்டிற் சுட்டதாயின் அது நம்மைக் கொண்டு செல்லும்.

இனிக் கடைக்காரர் பக்கம் பேசுவார்க்கு வருவோம். "யார் செய்வது?" என்பதே அவர்தம் வினாவின் உட்கிடை, அது நேர்மையான வினா. ஏனெனில் வீட்டிற் சுட்டது என்று நாம் பெருமை பாராட்டும்பொழுது, சுட்டவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம். மார்த்தாள் பற்பல வேலைகளால் வருந்தினாள் என்று கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் பிரசங்கங் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீடு வந்தவுடன் மார்த்தாள் சமைத்த பந்தியில் அமர்கின்றோம். மரியாளைப்போல் அமர்ந்து கேட்க அவளுக்கு வைகறை ஆராதனையும் வாய்ப்பதில்லை. அன்னை ஒருத்தியின் உழைப்பைத் தின்றுகொண்டு கடைப்பண்டத்தை இகழ்வதினும், கடையில் வாங்கி அவளை ஆலயத்துக்கு அனுப்புதல் ஆயிரம் மடங்கு மேல். இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் வழி அவ்விரண்டுமட்டுமன்று. மாவை நிறுத்தல், ஆப்பிளைச் சீவுதல், தணலைக் காத்தல், தட்டைக் கழுவுதல் ஆகிய இவற்றுள் ஆடவர்க்கு ஆகாதது யாது? கடைகளிலும் விடுதிகளிலும் அடுப்பின்முன் நிற்பார் பெரும்பாலும் ஆடவரே. கூலி பெறுமிடத்தில் தெரிந்த தொழில் வீட்டிற்குள் வந்தவுடன் மறந்துபோவது வியப்பு. மேலும், நம் வீடுகளில் அளவு என்பது அன்னையின் கையில் இருக்கின்றது. 'கைப்பிடி', 'கண்ணளவு', 'பதம் வந்தவுடன்' என்பன அவள் நூலின் சூத்திரங்கள். உரையில்லாத சூத்திரம் ஆசிரியனோடு மறையும். சுவடி தேடி ஊரூராய் அலைந்த உ.வே. சாமிநாதையரின் வரலாற்றைப் படித்துப் போற்றும் நாம், நம் வீட்டு அடுப்பங்கரைச் சுவடியைப் பெயர்த்தெழுதினோமா? விடுமுறையில் ஒரு வைகறை தராசோடு அவள் அருகில் நின்று, அவள் கைப்பிடி எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதிக்கொள்ளலாம். அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். எழுதியபின் அடுத்த பையை நாமே சுடலாம். அவள் நாற்காலியில் அமர்ந்து குறை கூறலாம்.

கடைசி இடர் ஒன்றுண்டு. அதற்கு மாற்றுக் கண்டார் இலர். அடுப்பினின்று எடுத்த பழப்பையை உடனே அறுத்தலாகாது. சாறு கெட்டிப்பட்டு நிலைக்க இரண்டு மணி நேரமேனும் ஆற வேண்டும். முன்னரே கத்தி பட்டால் பூரணம் தட்டில் ஓடிவிடும். வீட்டிற் குழந்தைகள் உள்ளவிடத்து இவ்விதி நடைபெற்றதாக நாம் கேட்டதில்லை. சுட்ட பழமோ சுடாத பழமோ என்று நாவல்மரத்துச் சிறுவன் ஔவையாரை மடக்கிய கதையில் அவர் ஊதியது மண் ஒட்டிய பழத்தை. இங்கே சிறுவர் சுற்றிநின்று ஊதுவது மெய்யாகவே சுட்ட பழம்.