தை மாதத்துப் பதநீர்

பொங்கல் கழிந்து பனை பாளை விட்டால், மீஞ்சூர்ப் பக்கம் எனக்கு வேறு பானம் வேண்டாம். பனியில் இறக்கிய பதநீரை வீட்டுக்கு வாங்கி வந்து வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். முதலில் தித்திப்பு, பிறகு நாக்கோரம் லேசான சுண்ணாம்புக் காரம். (ஒரு டம்ளருக்கு மேல் வீட்டம்மா தரமாட்டார். சர்க்கரை!) கலயத்தில் அந்தச் சுண்ணாம்பைத் தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே பீரும் பிராந்தியும் விற்கிறது! பழவேற்காடு ஏரியைத் தாண்டி ஆந்திரா போனால் கள் குற்றமில்லை. பதநீரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? பனையேற ஆள் கிடைக்கவில்லை என்று அங்கலாய்க்கிறோம். பனை மாநில மரமாம். பருவத்துக்கு மட்டுமாவது கள் இறக்க உரிமம் கொடுங்கள் என்பதே என் கட்சி.