கயிறு தெரிந்தவனைப் படிக்காதவன் என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் இருந்த உறவுக்காரர் தன் மகனைப் பார்த்து, "ஒழுங்காப் படிக்கலைன்னா போட்ல கயிறு இழுக்கத்தான் போவ" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வசனத்தை முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது, ஆசிரியர் பயிற்சியில் கற்ற சாரணர் முடிச்சுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடித்த கயிற்றையும் ஒரு மெல்லிய கயிற்றையும் ரீஃப் நாட் போட்டு இணைத்துக் காட்டினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "சார், இது கடல்ல நிக்காது" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. எழுந்து வந்து ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். முடிச்சு புரண்டு வழுகி வந்துவிட்டது. பிறகு தடித்த கயிற்றை மடக்கி, மெல்லியதை அதற்குள் விட்டுச் சுற்றிச் செருகினான். எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. அன்று இரவு சாரணர் புத்தகத்தைப் புரட்டினேன். வேறு வேறு பருமனுள்ள கயிறுகளை இணைக்க என்று அதே முடிச்சு, ஷீட் பெண்ட் என்ற பெயரில், படத்தோடு இருந்தது. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி, இதைப் படிக்கிறாய் என்றால் இன்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர ஜி.பி. ரேட்டிங் என்று 6 மாதப் படிப்பு இருக்கிறது. அதில் முடிச்சும் கயிறு கையாளுதலும் பாடம். கடன் வாங்கியாவது கட்டணம் கட்டி அனுப்புகிறோம். காசு கட்டிக் கற்றால் படிப்பு, அப்பனிடம் சும்மா கற்றால் படிக்காதவனா? இது என்ன நியாயம்?

கம்பத்தில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினால் பிடிமானம் பல மடங்கு ஏறும். பொறியியல் மாணவன் இதை ஆய்லர் பெயரில் ஒரு சூத்திரமாகப் படிக்கிறான். நம் வள்ளக்காரர் அதைக் கையால் செய்கிறார். பாய் ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், பாயின் முனையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்று தமிழில் தனித்தனிப் பெயரே உண்டு. தமிழாசிரியர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இந்தச் சொற்கள் தெரியும்? எனக்கும் பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. மண்டபம் பக்கம் கடற்பாசி வளர்க்கும் பெண்கள் மூங்கில் மிதவையில் வரிசையாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் பாசித் துண்டுகளைக் கட்டி இறக்குகிறார்கள். அறுவடைக்குச் சுமார் 45 நாள். கட்டு நழுவினால் கூலியும் நழுவும். அந்தக் கைகளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

"சார், பிள்ளைகளைப் படிப்பை விட்டுட்டுக் கடலுக்குப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. பள்ளிக்கூடமும் வேண்டும், கயிறும் வேண்டும். தாத்தா காலத்துத் தென்னைநார்க் கயிறு சொரசொரப்பு, முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். இன்றைய கயிறு வழுக்கும், ஒரு சுற்று கூட வேண்டும், நுனியும் நீளமாக விட வேண்டும். நைலான் நீண்டு கொடுக்கும், ஆனால் அறுந்தால் சவுக்கு மாதிரித் திரும்பி அடிக்கும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், வெயிலில் கிடந்து கிடந்து வலுவிழக்கும். இழுபடும் கயிற்றுக்கு நேர்கோட்டில் நிற்காதே, கீழே கிடக்கும் வளையத்துக்குள் கால் வைக்காதே என்று சொல்லிக்கொடுக்காமல் பிள்ளையைப் படகில் ஏற்றுவது, பிரேக் இல்லாத வண்டியைக் கொடுப்பதற்குச் சமம். ஆக, அப்பன் அறிவும் புத்தக அறிவும் ஒன்றாக உட்கார வேண்டும்.

2020 டிசம்பரில் புரெவி நம் கரைக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் நின்று வலுவிழந்தது நினைவிருக்கும். புயல் நேரத்தில் படகை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அலை தூக்கும்போது கயிறோ கட்டையோ போகும். தாராளமாக விட்டால் பக்கத்துப் படகில் மோதும். எவ்வளவு விடுவது, உரசும் இடத்தில் எதைச் சுற்றுவது என்று தெரிந்தவனிடம்தான் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் சொத்தே இருக்கிறது. அவனையா படிக்காதவன் என்கிறோம்?

நான் கேட்பது பெரிதல்ல. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, தீவுப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மீனவத் தாத்தாவையோ பாசி எடுக்கும் அம்மாவையோ வகுப்பு முன்னால் நிறுத்துங்கள். அவர்களுக்கு நாற்காலி போடுங்கள், "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருங்கள். சொந்தங்களே, இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் ஐந்து முடிச்சாவது கற்கட்டும்.

அந்தக் கல்யாண வீட்டுப் பையனிடம் வாசலில் ஒரு துண்டுக் கயிற்றைக் கொடுத்து, "தெரிஞ்சதைப் போடு, தாத்தா கத்துக்கிறேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பௌலைன் போட்டான். அவன் அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.