தேநீரும் சித்தசாந்தியும்

முத்துக்குளித்துறைக் கரையில், கண் கூசும் வெயிலில் உப்பு வாருகிற பெண்களும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஆடவரும் பருகும் தேநீரைக் காட்டி, “இதில் மனத்தைச் சாந்தப்படுத்தும் அமினோ அமிலம் இருப்பதாக விஞ்ஞானமே கண்டிருக்கிறது, உழைப்பாளிக்கு இதைவிட ஔஷதம் வேறென்ன?” என்று கற்றவர்களும் பேசத் தலைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த வஸ்து கற்பனையன்று. 1949-இல் ஜப்பானியர் கியோகுரோ என்னும் உயர்தரத் தேயிலையில் கண்டறிந்த தியானின், செடியின் வேரில் குளூட்டாமிக் அமிலமும் எத்திலமைனும் கூடி உருவாகித் தளிருக்கு ஏறுகிறது. இக்காலத்தில் பாக்டீரியாவின் நொதியைக் கொண்டு ஆலைகளிலும் அதனை உற்பத்தி செய்து மாத்திரையாக விற்கிறார்கள்.

ஆனால் அளவு என்று ஒன்றுண்டு. ஆராய்ச்சிகளில் மனிதருக்கு ஒரு வேளையில் கொடுத்துப் பார்த்தது பெரும்பாலும் 200 மில்லிகிராம். ஒரு குவளைத் தேநீரில் இருப்பதோ ஏறக்குறைய 20 மில்லிகிராம். நரம்பைத் தட்டியெழுப்பும் காஃபின் அதே குவளையில் அதனினும் மிகுதியாதலால், சாந்தியை நாடிப் பத்துக் குவளை பருகுகிறவன் அடையும் பலன் நித்திரைபங்கமே. மன அழுத்தத்தைத் தணிக்கும், உறக்கம் தரும் என்று தியானினுக்குக் கற்பித்த குணங்களை 2011-இல் பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், காரண காரியத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றே தீர்ப்பளித்தது. அன்றியும், உணவோடு பருகும் தேநீர் தானிய, காய்கறிகளிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். 15 முதல் 49 வயதுள்ள நம் தேசத்துப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றவர்கள் என்று 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகையில், சோற்றுக்குப் பதிலாகத் தேநீரைப் புகழ்வது எவ்வகைத் தர்மம்?

குவளையோடு வரும் அமைதி மெய்தான். எனினும் அது சுமையை இறக்கிவைத்து, உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசக் கிடைத்த அவகாசத்தின் பயன். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பு வழியாக மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர், தேயிலையின் நடுவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்தும், 1948-இல் குடியுரிமையற்றவர்களாக்கப்பட்டபோது, அந்த இலையா அவர்களுக்குச் சாந்தி அளித்தது?

கியோகுரோச் செடியில் தியானின் வெயில் பட்டுத் துவர்ப்புப் பொருளாக மாறிவிடாதிருக்க, பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பந்தலிட்டு நிழல் செய்கிறார்கள். செடிக்கு நிழல் வேண்டுமென்று அறிந்த உலகம், உப்பளத்து மனிதருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் வயிறார உணவும் தராமல், ஒரு குவளைத் தேநீரோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுமாயின், அதற்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்க யாருக்கும் உரிமையில்லை.